ஸ்பென்சர்: ஸ்டோர் ரூமில் பிறந்த பெயர்



ஸ்பென்சர் என்றால் சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா ஞாபகம் வரும். 1860-களில் மெட்ராஸில் கடை தொடங்கிய ஆங்கிலேயர்களில் ஒருவரின் குடும்பப் பெயர் அது. மற்றவர்களுக்கு இளவரசி டயானா ஞாபகம் வரலாம். கல்யாணத்துக்கு முன் அவர் டயானா ஸ்பென்சர். சர்ச்சிலின் முழுப் பெயரிலும் ஒரு ஸ்பென்சர் உண்டு. இவ்வளவு பெரிய இடத்துப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? ஸ்டோர் கீப்பர்! நம்பவில்லையா? மேலே படியுங்கள்.

லத்தீனில் நிறுத்து அளந்து கொடுப்பவருக்கு 'டிஸ்பென்சேட்டர்' என்று பெயர். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தை டிஸ்பென்சரி என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒவ்வொரு பிரபு வீட்டிலும் பெரிய உக்கிராண அறை இருக்கும். அதன் சாவியை வைத்துக்கொண்டு சாமான்களை அளந்து கொடுத்தவர் டிஸ்பென்சர். பேச்சு வழக்கில் முதல் எழுத்து தேய்ந்து ஸ்பென்சர் ஆனார். வட இந்தியாவில் பண்டாரி என்ற பெயர் வந்ததும் இதே வழியில்தான்.

1086-ல் முதலாம் வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே நிலக் கணக்கில் ராபர்ட் என்பவரின் பெயரோடு 'டிஸ்பென்சேட்டர்' என்றும் இருக்கிறது. அது அவர் பார்த்த வேலை. பிறகு வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் இப்படிப்பட்ட வேலைப் பெயர்கள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போய் குடும்பப் பெயர்களாகிவிட்டன. சாவி போனாலும் பெயர் நின்றுவிட்டது! வீட்டுக்கு வீடு ஸ்டோர் கீப்பர் இருந்ததால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல குடும்பங்களுக்கும் இதே பெயர் அமைந்தது.

சிக்கல் இங்கேதான். டெஸ்பென்சர் என்ற பிரபுக் குடும்பம் ஒன்று அரசியலில் கொடிகட்டிப் பறந்தது. இரண்டாம் எட்வர்டு மன்னருக்கு நெருக்கமாக இருந்த ஹியூ டெஸ்பென்சரும் அவர் அப்பாவும் 1326-ல் கொல்லப்பட்டார்கள். டயானாவின் முன்னோர்கள் வேறு. அவர்கள் ஆடு வளர்த்துச் சம்பாதித்தவர்கள். 1508-ல் ஜான் ஸ்பென்சர் ஆல்தார்ப் என்ற எஸ்டேட்டை வாங்கினார். பணம் வந்ததும் பரம்பரையும் வேண்டும் அல்லவா? 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், டெஸ்பென்சர்களின் வாரிசுகள் என்று ஒரு வம்சாவளி தயாரானது. சுமார் 300 வருடம் கழித்து ஜே. ஹெச். ரவுண்ட் என்ற வரலாற்று ஆய்வாளர்தான் அது ஜோடிக்கப்பட்டது என்று காட்டினார்.

இன்னொரு சுவையான சம்பவம். 1621-ல் பிரபுக்கள் சபையில் ஆரண்டல் பிரபு, "உங்கள் முன்னோர்கள் ஆடு மேய்த்தவர்கள்தானே" என்று ராபர்ட் ஸ்பென்சரைக் குத்திக் காட்டினாராம். "அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் உங்கள் முன்னோர்கள் ராஜ துரோகம் செய்துகொண்டிருந்தார்கள்" என்று பதில் வந்ததாம்! மன்னிப்புக் கேட்க மறுத்த ஆரண்டல் கடைசியில் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்.

காமர்ஸ் மாணவனான எனக்குப் பிடித்த ஸ்பென்சர் இன்னொருவர். மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் காசாளராக இருந்த டாம் ஸ்பென்சர், 1894-ல் 300 பவுண்டு போட்டு மைக்கேல் மார்க்ஸுடன் கூட்டுச் சேர்ந்தார். அதுதான் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர். அங்கே அவர் கவனித்துக்கொண்டது அலுவலகத்தையும் கிடங்கையும். பெயருக்கேற்ற வேலை :-)

கடைசியாக ஒன்று. என் அப்பாவும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்தான். விண்ணப்பங்களில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'தனியார் நிறுவன ஊழியர்' என்று எழுதித் தப்பித்துவிடுவேன். பொய் இல்லை, ஆனால் ஒளித்த மாதிரிதான். ஆல்தார்ப் குடும்பம் கூச்சப்பட்டு வம்சாவளி ஜோடித்தது. நான் செய்ததும் அதன் சின்ன வடிவம் என்று இதை எழுதும்போதுதான் உறைத்தது.

அடுத்த விண்ணப்பத்தில் ஸ்டோர் கீப்பர் என்றே எழுதப்போகிறேன்.