மசக்கை என்று சொல்லித் தள்ளிவிடும் நோய்

கர்ப்பிணிப் பெண் வாந்தி எடுத்தால் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. "மசக்கைதானே, மூணு மாசம் போனா சரியாயிடும்" என்பார்கள் பெரியவர்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது அப்படி அடங்குவதில்லை. குடித்த தண்ணீர் கூட வயிற்றில் தங்காது. எடை குறையும், சிறுநீர் வற்றும். மருத்துவர்கள் இதை ஹைப்பர்எமிசிஸ் கிராவிடாரம் என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கும் மசக்கை என்றே பெயர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

'ஜேன் அயர்' நாவலை எழுதிய சார்லட் பிராண்டி 1855இல் கர்ப்பமாக இருந்தபோது இறந்தார். அதற்கு இந்த நோயே காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். பிரிட்டனில் 1931 முதல் 1940 வரை பத்து லட்சம் பிரசவங்களுக்கு 159 பெண்கள் இதனால் இறந்தனர். 1951 முதல் 1960 வரையான காலத்தில் அது 3 ஆகக் குறைந்தது. முக்கியக் காரணம், நரம்பு வழியாகச் சலைன் ஏற்றும் முறை பரவியதுதான்.

இடையில் ஒரு பெரிய விபத்தும் நடந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் வாந்திக்காகவும் சாப்பிட்டனர். 1961இல் அது நிறுத்தப்படுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அந்தப் பயம் இன்றும் தொடர்கிறது. டாக்ஸிலமின், பைரிடாக்ஸின் சேர்ந்த மாத்திரை பாதுகாப்பானது என்று ஆய்வுகள் காட்டியும், வழக்குகளால் அமெரிக்காவில் 1983இல் நிறுத்தப்பட்டு, 2013இல்தான் மீண்டும் அனுமதி பெற்றது.

மனக்கோளாறால் வரும் வாந்தி என்று பெண்களையே பழித்த மருத்துவர்களும் உண்டு. கருவிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இது மனதைச் சேர்ந்ததல்ல, உடம்பைச் சேர்ந்தது.

இனி நம் கல்வராயன் மலைக்கு வருவோம். பிரிட்டனில் சலைன் உயிர்களைக் காப்பாற்றிய அந்தக் காலத்தில், இங்குள்ள மலையாளி மக்கள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தனர். 1976இல்தான் அரசு மலையை ஏற்றது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்துக்கு 2008இல் வந்தது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. மருந்து கண்டுபிடிப்பது ஒரு வரலாறு என்றால், அது மலையேறி வருவது இன்னொரு வரலாறு.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது, ஆனால் எப்போது இறங்க வேண்டும் என்பதை வீட்டில்தான் முடிவு செய்கிறார்கள். கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். "மசக்கைதானே" என்று நான்கு நாள் தள்ளினால் செலவும் கூடும், ஆபத்தும் கூடும். பல நாள் சாப்பிடாதவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது போதாது. முதலில் வைட்டமின் பி1 கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அது வெறும் மசக்கை அல்ல. கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகச் செல்லும்போது மாமியாரிடமும் கணவரிடமும் இந்த மூன்றைச் சொல்லிவிட்டு வந்தாலே பல உயிர்கள் பிழைக்கும்.