ஊட்டும் கையின் சரித்திரம்

1901-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட அகஸ்தே டெட்டர் என்ற 51 வயது மாது மத்தியான போஜனத்துக்கு அமர்ந்தபோது, அருகிலிருந்த வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு, அவள் சொன்ன பதிலைக் குறித்துவைத்தார். தட்டில் இருந்தவை காலிபிளவரும் பன்றி இறைச்சியும். அவள் சொன்னதோ கீரை. இறைச்சியை மென்றுகொண்டிருக்கையில் மறுபடியும் கேட்டதற்கு, உருளைக்கிழங்கு என்றும் பிறகு காரமுள்ளங்கி என்றும் சொன்னாள். 1910-ல் அல்ஸைமரின் பெயரையே பெற்ற நோயின் முதற் சான்றான இந்தக் குறிப்பேடு, நெடுங்காலம் காணாமற் கிடந்து, 1995-ல்தான் அதே நகரில் மீண்டும் அகப்பட்டது. ஞாபகம் அழிந்து வருவதை ஆராய்ந்த ஒருவர் நோயாளியின் சாப்பாட்டு வேளையையும் ஆராயத் தக்கதாகக் கருதினாரே என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. ஏனெனில் அதன்பின் வந்த பல தசாப்தங்களில் மருத்துவ உலகம் அந்தத் தட்டைப் போதுமான அளவு கவனிக்கவில்லை.

உணவின் பெயர் மறந்துபோகிறது. உணவின்மீதுள்ள ஆசை அவ்வளவு எளிதில் மறைவதில்லை, சில வேளை புதிய உருவமும் கொள்கிறது. பிராகு நகரத்து ஆர்னால்ட் பிக் 1892-லேயே விவரித்த வகையைச் சேர்ந்த, மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சுருங்கும் நோயில், வாழ்நாளெல்லாம் அளவறிந்து உண்டவர்கூட இனிப்பைத் தேடித் தேடி உண்பதையும், ஒரே பண்டத்தையே நாள்தோறும் கேட்பதையும் காணலாம். இந்த மாறுதல்கள் அல்ஸைமர் நோயிலும் உண்டெனினும், இவ்வகையில்தான் மிகுதி என்பதை 2002-ல் ஜப்பானிய, பிரிட்டிஷ் வைத்தியர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. அல்ஸைமர் நோயிலோ, மோப்ப சக்தி குன்றுவதாலும், சாப்பிட்டதை மறப்பதாலும், முடிவில் விழுங்கும் முறையையே உடல் மறப்பதாலும், தேகம் நாளடைவில் மெலிந்துபோவதே பெருங்கவலை.

இந்த மெலிவுக்கு முதியோர் இல்லங்கள் நெடுநாள் கண்ட பரிகாரம் வேதனை தருவதாகவே இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு உப்பில்லாச் சோறு, சர்க்கரை வியாதிக்கு இனிப்பில்லாப் பண்டம் என்று ருசியை ஒவ்வொன்றாகக் களைந்துவிட்டு, பின்னர் கிழவர் சாப்பிட மறுக்கிறார் என்று ஏட்டில் எழுதினார்கள். அத்தகைய கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதால் இல்லத்து முதியோரின் வாழ்க்கை மேம்படும் என்று அமெரிக்க உணவியலாளர் சங்கம் வெளிப்படையாக அறிவித்த ஓர் அறிக்கை 2005-ல் வந்தது.

அதற்குள் இன்னொரு கருவி புகுந்துவிட்டது. 1979 ஜூன் மாதம் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், மைக்கேல் காடரரும் ஜெப்ரி பான்ஸ்கியும், வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், வாய்வழியே செலுத்திய எண்டோஸ்கோப்பின் துணைகொண்டு, தோலின் வழியாக இரைப்பைக்குள் குழாய் பொருத்தும் முறையை ஒரு கைக்குழந்தைக்கு முதன்முதலாகச் செய்தார்கள். விழுங்க இயலாத குழந்தைகளுக்கென உதித்த அந்த உபாயம், சுலபமாயிருந்த காரணத்தாலேயே, ஞாபகமும் பேச்சும் இழந்த முதியோரிடம் பரவிற்று. குழாயைப் பிடுங்காதிருக்கும்படி சிலருடைய கைகளைக் கட்டவும் நேர்ந்தது. 1999-ல் பினுகேன் முதலான அமெரிக்க வைத்தியர்கள் முப்பதாண்டுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நூல்களை அலசிப் பார்த்து, முற்றிய மறதிநோயில் குழாயுணவு ஆயுளை நீட்டுகிறது, நுரையீரலில் உணவு புகுவதைத் தடுக்கிறது, படுக்கைப் புண்ணை ஆற்றுகிறது என்பவற்றுக்கு ஆதாரமே அகப்படவில்லை என்று எழுதினார்கள். எத்தனை பிள்ளைகள், அம்மா பட்டினி கிடக்கிறாளே என்ற பயத்தால் மட்டுமே, சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டிருப்பார்கள் என்பதை எண்ணும்போது மனம் கலங்குகிறது.

வேறு சிலர் தட்டுக்கே திரும்பினார்கள். 2004-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், முற்றிய அல்ஸைமர் நோயாளிகளுக்கு வெண்ணிறத் தட்டுக்கும் குவளைக்கும் பதிலாக ஆழ்ந்த சிவப்பு நிறத்தில் கொடுத்தபோது, உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் அதிகம் உட்சென்றது; நிறபேதம் கண்ணுக்குப் புலப்படாதவருக்கு உணவும் இல்லாததாகிவிடுகிறது. தயிர் சாதத்தை வெள்ளைப் பீங்கானில் இட்டுவிட்டு, அப்பா தொடவேயில்லையே என்று வருந்தும் நம்மவர் இதை அறிய வேண்டும். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரின் பியாட்டிட்யூட்ஸ் இல்லமோ, வேளை பாராமல், கேட்டபோதெல்லாம் கேட்டதை, சாக்லேட் உட்பட, கொடுக்கத் துணிந்தது. நர்சுகளின் ஏட்டில் சாக்லேட் எழுதப்பட்டிருப்பதைக் கண்ட மாநில அதிகாரிகள், இது மருந்தல்லவே என்று ஆட்சேபித்தார்களென்றும், மருந்துதான் என்று இல்லத்தார் வாதிட்டார்களென்றும் 2010-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இல்லத்தார் பக்கமே நியாயம் என்பது என் துணிபு.

2014-ல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், குழாய்க்குப் பதிலாக நிதானமாகக் கையால் ஊட்டுவதையே முன்வைக்க வேண்டுமென்று அறிவித்தது. உண்ணப் பிறர் உதவி தேவைப்படும் நிலையை எய்திய நோயாளிகளில், ஓராண்டுக்குள் குழாய் பொருத்தப்பெற்றவர் 2000-ல் 11.7 சதவீதமாயிருந்தது, 2014-ல் 5.7 ஆகக் குறைந்தது. ஆயினும் ஒரு கவளத்தை விழுங்கும் வரை காத்திருந்து அடுத்ததை நீட்ட ஆளும் அவகாசமும் வேண்டும். குழாய்க்கு இயந்திரம் போதும். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் குழாயுணவு பெறும் நோயாளிக்கே அரசு கூடுதலான தொகை கொடுத்துவந்தது என்பதை அந்நாட்டு ஆராய்ச்சிகளே எடுத்துக்காட்டின. அன்று கூலிக் கணக்கில் மட்டும் ஊட்டும் கைக்கு இடமில்லாமற் போயிற்று.