பொம்மை வீடும் பக்தாதின் கடைத்தெருவும்

சென்ற விடுமுறையில் எம் பேத்திக்கு ஒரு பெட்டி பரிசாக வந்தது. உள்ளே அளவாக வெட்டிய மெல்லிய பலகைகள், பசை, வண்ணத்தாள், துணித்துண்டுகள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்கில் கதவும் சாளரமும் கட்டிலும் அமைத்து, சுவருக்குத் தாள் ஒட்டி, பத்து நாளில் ஒரு சிறு வீட்டை எழுப்பிவிட்டாள். அதனைக் கண்ட பெரியவர் ஒருவர், "பொம்மை உள்ள வீட்டுக்கு மலக்குகள் வருவார்களா? உடைத்துப் போடு, மகளே" என்றார். பிள்ளை கண் கலங்கி எம்மை நோக்கினாள்.

அபூதாவூத் தொகுப்பிலுள்ள செய்தி ஆலிம்கள் அறிந்ததே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ (அறிவிப்பாளருக்கே ஐயம்) திரும்பிய வேளை, காற்று வீசி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மாடத்துத் திரை விலகிற்று. உள்ளே பொம்மைகள், நடுவே துணிச்சிறகு இரண்டுடன் ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என வினவப்பட, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என அன்னையார் மறுமொழி கூறினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். குதிரையைப் பற்றியே யாவரும் பேசுவர். நாம் அந்த மாடத்தையும் திரையையும் நோக்குகிறோம். பொம்மைகளுக்கென ஒதுக்கிய இல்லம் அது அன்றோ?

கலீஃபா முக்ததிர் (908–932) காலத்தில் பக்தாதின் முஹ்தஸிபாக, அதாவது கடைத்தெருக் கண்காணிப்பாளராக, இருந்தவர் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் அபூ ஸயீத் அல்-இஸ்தக்ரீ. மது வடிக்கும் சரக்கு விற்ற கடைத்தெருவை அவர் அகற்றினார். பொம்மைக் கடைத்தெருவையோ நீடிக்க விட்டார். அன்னையாரின் விளையாட்டே அவர் காட்டிய சான்று. இதனைப் பதிந்தவர் 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ. நூல் 'அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'. பிள்ளை வளர்ப்பில் சிறுமியரைப் பழக்குவதே பொம்மையின் நோக்கம் என்கிறார் இமாம். உயிருள்ளவற்றின் உருவம் அமைவதால் எழும் ஐயத்தையும் அவர் மறைக்கவில்லை. சூழலை நோக்கித் தீர்ப்புச் செய்க என்கிறார். கட்டிலுக்கும் விளக்குக்கும் உயிரேது? ஆட்கள் இல்லா வெறும் வீட்டில் அந்த ஐயத்திற்கும் இடமில்லை.

வியப்பு யாதெனில், இதே காரணத்தை ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் அன்னா கோஃபர்லின் என்னும் மாது 1631-இல் கூறினார். தாம் அமைத்த பெரிய பொம்மை வீட்டைக் கட்டணம் பெற்றுக் காட்டி, சிறுவர் இதனைக் கண்டு இல்லறம் நடத்தக் கற்கட்டும் என அச்சிட்ட தாளும் வெளியிட்டார். வீடு அழிந்தது, தாள் எஞ்சியுள்ளது. (சிறுமியர் மட்டுமா கற்க வேண்டும்? எம் பேரன்மாருக்கும் அப்பாடம் தேவையே.)

கண்டிக்கத்தக்கது வேறொன்று உண்டு. ஆம்ஸ்டர்டாம் சீமாட்டி பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 முதல் 1710 வரை அலங்கரித்த பொம்மை வீட்டிற்கு, கால்வாய்க் கரையில் மெய்யான மாளிகையே வாங்கும் தொகை செலவாயிற்று என்பர். பிள்ளைகள் தொட்டு விளையாட அமைந்ததன்று அது. வீண் விரயத்திற்கு அதனைச் சான்றாகக் காட்டலாம். பலகையும் பசையும் கொண்ட எம் பேத்தியின் வீட்டை அன்று.

பெரியவரிடம் இவற்றை எடுத்துரைத்தோம். இஸ்தக்ரீயின் பெயரை இருமுறை கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்றார்.