கப்பல் விளிம்பும் தாமிரபரணி மண்ணும்

எங்க ஸ்ரீவைகுண்டத்துல இருந்து ஆத்தோட போக்குல கீழே போனா கொற்கை. பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். இன்னிக்கு அங்க கடல் எங்கேன்னு கேட்டா கிழக்கே கையைக் காட்டுவாங்க. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலையே தள்ளி விட்டுடுச்சு. அப்புறம் பழையகாயல், புன்னைக்காயல், கடைசியா தூத்துக்குடி.

அங்கேயும் ஆழம் இல்லை. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். திருநெல்வேலி பருத்தியும், சென்னா இலையும் தோணியில போய்த்தான் கப்பல் ஏறணும். 1974ல புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமா ஆன பிறகுதான் இந்த நிலைமை மாறுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். தோணி நடுவழியில கவுந்தா நஷ்டம் யாருக்கு? வித்தவருக்கா, வாங்கினவருக்கா?

"எஃப்.ஓ.பி. தூத்துக்குடி"ன்னு பேசியிருந்தா, கப்பல்ல ஏத்துற வரைக்கும் வித்தவர் பொறுப்பு. தோணிக் கூலியும் அவர் தலையிலதான். ஆனா இந்த மூணு எழுத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு அர்த்தம் சொல்லிட்டு இருந்தாங்க. அதை ஒழுங்குபடுத்தத்தான் பாரிஸ்ல இருக்கிற சர்வதேச வர்த்தக சபை 1936ல முதல் 'இன்கோடெர்ம்ஸ்' விதிகளை வெளியிட்டது.

பொறுப்பு கைமாறுற கோடு எதுன்னா, கப்பலோட பக்கவாட்டு விளிம்பு. சரக்கு அதைத் தாண்டிட்டா வாங்கினவர் பாடு. கேக்க ஈஸியா இருக்குல்ல? 1954ல லண்டன் கோர்ட்டுக்கு வந்த வழக்கைப் பாருங்க. இந்திய அரசாங்கம் பைரீன் கம்பெனிகிட்ட தீயணைப்பு வண்டி வாங்குது. ஏத்துறது நம்ம சிந்தியா கம்பெனி கப்பல்ல. கிரேன் தூக்கும்போது, விளிம்பைத் தாண்டுறதுக்கு முன்னாடியே வண்டி கீழே விழுந்துடுச்சு! ரிப்பேர் செலவு 966 பவுண்டு. வண்டி இன்னும் வித்தவர் பொறுப்புலதான். கப்பல் கம்பெனி 200 பவுண்டு கொடுத்தா போதும்னு தீர்ப்பு. மிச்சம்? பைரீன் தலையில. நீதிபதி டெவ்லினே, அந்தரத்துல ஆடுற சரக்குக்கு இப்படி ஒரு கற்பனைக் கோடு போட்டுப் பொறுப்பைப் பிரிக்கிறதைக் கிண்டல் பண்ணியிருக்கார்.

எங்க சாஃப்ட்வேர் வேலையிலயும் இதே சண்டைதான். "எங்க பக்கம் ஓடுது, உங்க பக்கம் பாருங்க"ன்னு ரெண்டு டீமும் சொல்லும். கோடு எங்கேன்னு முதல்லயே எழுதி வைக்காட்டி விடியவே விடியாது :-)

இன்கோடெர்ம்ஸ் 2010ல விளிம்பைத் தூக்கிட்டாங்க. சரக்கு கப்பலுக்குள்ள வைக்கப்படணும், அப்பதான் பொறுப்பு மாறும். 2020 பதிப்புலயும் அதேதான்.

ஆனா இன்னிக்கு சரக்கு போறது கன்டெய்னர்ல. ஏற்றுமதி பண்றவர் அதை யார்டுலயே ஒப்படைச்சுடுவார். கப்பல்ல ஏற நாள் ஆகலாம். ஒப்பந்தத்துல பழக்கதோஷத்துல எஃப்.ஓ.பி.ன்னு போட்டிருந்தா, கையை விட்டுப் போன சரக்குக்கு அதுவரைக்கும் அவர்தான் பொறுப்பு. எஃப்.சி.ஏ.ன்னு போட்டு, ஒப்படைக்கிற இடமா அந்த யார்டைக் குறிப்பிட்டா, அங்கேயே பொறுப்பு கைமாறிடும். கன்டெய்னருக்கு அதுதான் பொருத்தம்னு வர்த்தக சபையே சொல்லுது.

தோணி போய் கன்டெய்னர் வந்தாச்சு. கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளி மட்டும் இன்னும் தூரவே இல்லை.