தம்பிமார் கதையில் ஒரு தங்கை

நெய்யாற்றின்கரையை ஒட்டிய அதியன்னூரும் பாறசாலையும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லை மண். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்னும் பழம் பலாமரத்தின் எச்சம் பேணப்பட்டு வருகிறது. பகைவர் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழக்கு. அப்பகைவருள் எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு அவருடைய மாமன் மக்களும் இருந்தனர் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் துணுக்குறுகிறது.

வேணாட்டு மன்னர் இராமவர்மர் சுசீந்திரத்தில் அபிராமி என்னும் நங்கையைக் கண்டு காதலித்து மணந்தார் என்கிறது ‘தம்பிமார் கதை’ என்னும் கதைப்பாடல். ஆனால் அந்நாட்டு அரசுரிமை மருமக்கள் தாயத்தின் வழிப்பட்டது. மன்னரின் மனைவி ‘அம்மச்சி’, அரசியல்லள். அவள் மைந்தர் ‘தம்பி’மார், இளவரசர் அல்லர். தந்தைக்குப்பின் மகன் என்னும் மக்கள் தாயமே அண்டைத் தமிழகத்தின் நெறி. காதல் இணைத்த இல்லத்தை இவ்விரு நெறிகள் பிளந்தன.

1729 இல் இராமவர்மர் மறைந்தார். மருமகன் மார்த்தாண்டவர்மர் அரசேற்றார். பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் உரிமை கோரினர். அவர்களுக்குத் துணையாகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து அழகப்ப முதலியார் தலைமையில் படையும் வந்தது. முடிவில் தம்பிமார் இருவரும் நாகர்கோவிலில் கொல்லப்பட்டனர்.

இப்பூசலின் நடுவே ஒரு பெண்ணின் துயரையும் வில்லுப்பாட்டு மரபு காட்டுகிறது. தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்டவர்மர் மணம் கேட்டார். தமிழர் முறைப்படி அவள் மாமன் மகள், உரிமைப்பெண் அன்றோ? அவள் வயிற்றில் பிறக்கும் மகனுக்கே அரசு வேண்டும் என்றனர் அவளைச் சார்ந்தோர். குலமுறையை மாற்ற வேந்தர் இசையவில்லை. மணப்பேச்சு முறிந்து பகையாயிற்று. தமையன்மார் மாண்டபின் அவளும் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள் என்று பாடுவர். மணக்க விரும்பியவனே உடன்பிறந்தாரைக் கொன்றான் எனில், அவள் யாருக்காக அழுவாள்? யாரை வெறுப்பாள்?

1891 இல் சி. வி. இராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாளப் புதினம் பத்மநாபன் தம்பியைக் கொடியவனாகக் காட்டிற்று. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டோ தம்பிமாருக்காகக் கண்ணீர் வடித்தது. வென்றவர் பக்கமும் வீழ்ந்தவர் பக்கமும் இவ்வாறு இலக்கியம் பெற்றன. ஆயினும் மணம் கேட்கப்பட்ட நாளில் அந்நங்கையின் உள்ளம் எதை விரும்பியது என்பதை எவரும் வினவியதாகத் தெரியவில்லை.

மருமக்கள் தாயக் கூட்டுக்குடும்ப முறை, 1976 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் கேரளத்தில் முடிவுற்றது. ஆனால் இரு வழக்கங்கள் ஓரில்லத்தில் சந்திப்பது முடியவில்லை. பிறமொழி மண்ணில் வாழும் நம் குடும்பங்களில் நாளை ஒரு மகளோ மகனோ வேற்று முறையினரை விரும்பி நிற்கக்கூடும். அப்போது சீர், சொத்து, குலமுறை ஆகியவற்றைப் பேசுமுன் அப்பிள்ளையின் மனத்தைக் கேட்போமாக. தம்பிமாரின் தங்கைக்குக் கிட்டாத அந்த ஒரு வினா நம் மக்களுக்கேனும் கிட்டட்டும்.