ஜாக் ஆலிவர்

ஜாக் ஆலிவர் (1923–2011) அமெரிக்கப் புவி இயற்பியலாளர். நில அதிர்வு அலைகளின் துணையால் புவியின் உட்பகுதியை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். தென் பசிபிக்கின் டோங்கா, பிஜித் தீவுகளுக்கு அடியில் கடல்தளம் புவிக்குள் சரிந்து இறங்குவதைத் தம் குழுவினருடன் கண்டறிந்து, புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற வழிவகுத்தார். பின்னர் எண்ணெய் தேடுவோர் பயன்படுத்திவந்த கருவிகளைக் கண்டங்களின் ஆழ்பாறைகளை நோக்கித் திருப்பி, ஆழ் நில அதிர்வுப் படமாக்கத்தைத் தனியொரு துறையாக வளர்த்தார். நல்ல கருவி ஒன்றை எவரும் பார்த்திராத இடத்துக்குக் கொண்டுசென்றால் அங்கே எதிர்பாராத உண்மை வெளிப்படும் என்னும் உறுதியே இவ்விரு பணிகளுக்கும் அடிப்படையாக இருந்தது.

இளமையும் கல்வியும்

ஒகாயோ மாநிலத்தின் மாசிலான் நகரில் 1923ஆம் ஆண்டு பிறந்த ஆலிவர், பள்ளிப் பருவத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் திறமை காட்டி, அதன் பயனாகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பைப் பெற்றார். இரண்டாம் உலகப் போர் இடையிட்டதால் கடற்படையில் பணியாற்றிய பின்னரே படிப்பைத் தொடர்ந்தார். இயற்பியலில் பட்டங்கள் பெற்ற அவர், கடலடி ஆய்வின் முன்னோடியான மாரிஸ் யூவிங்கின் மாணவராகி, 1953இல் புவி இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். யூவிங் தோற்றுவித்த லாமாண்ட் புவியியல் ஆய்வகமே அடுத்த பல ஆண்டுகளுக்கு அவருடைய பணியிடமாக அமைந்தது.

அங்கு அவர் முதலில் மேற்பரப்பு அலைகளை, அதாவது நிலநடுக்கத்தின்போது புவியின் மேற்பகுதியை ஒட்டிப் பரவும் அலைகளை ஆராய்ந்தார். அணுகுண்டுச் சோதனைகளைத் தொலைவிலிருந்தே நில அதிர்வுக் கருவிகளால் கண்டறிய முடியுமா என்னும் கேள்வி 1950களின் இறுதியில் எழுந்தபோது, அது குறித்து ஜெனீவாவில் நடந்த பேச்சுகளில் அமெரிக்கத் தரப்பு அறிவியலாளர்களுள் ஒருவராகப் பங்கேற்றார். அக்கேள்வியின் விளைவாகவே 1960களில் ஒரே வகைக் கருவிகளைக் கொண்ட நில அதிர்வு நிலையங்கள் உலகெங்கும் நிறுவப்பட்டன. குண்டுகளைக் கண்காணிப்பதற்கென உருவான இந்த வலையமைப்பு, புவியின் இயக்கத்தை அறியத் தேவையான தரவுகளையும் சேர்த்தே வழங்கியது.

டோங்கா–பிஜி ஆய்வு

நிலநடுக்கங்களிற் பெரும்பாலானவை புவியின் மேற்பகுதியிலேயே நிகழ்கின்றன. சில மட்டும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் ஆழம் வரை தோன்றுகின்றன. அவ்வளவு ஆழத்தில் வெப்பத்தால் இளகியிருக்க வேண்டிய பாறை எவ்வாறு உடைகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. இத்தகைய ஆழ் நடுக்கங்கள் மிகுதியாக நிகழும் பகுதியே டோங்கா–பிஜி என்பதால், ஆலிவரும் அவருடைய மாணவர் பிரையன் ஐசக்சும் 1960களின் நடுவில் அத்தீவுகளில் பதிவு நிலையங்களை அமைத்தனர்.

பிஜிப் பகுதியின் அடியில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் தோன்றிய நடுக்கத்தின் அலைகள் இரு தீவுக் கூட்டங்களையும் வந்தடைந்தன. பிஜியில் பதிவான குறுக்கலைகள் தம் விரைவான அதிர்வுகளை இழந்து, மெதுவாக அசையும் மழுங்கிய கோடுகளாகத் தெரிந்தன. டோங்காவில் பதிவானவையோ கூர்மையும் நெருக்கமும் குன்றாத அதிர்வுகளுடன் இருந்தன. மென்மையான பாறை விரைவான அதிர்வுகளை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த கெட்டிப் பாறை அவற்றைக் கடத்தும். ஆகவே டோங்காவை அடைந்த அலைகள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிமனுள்ள கெட்டியான பாறைப்பலகை ஒன்றின் வழியே மேலேறி வந்திருக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். டோங்கா அகழியில் தொடங்கி மேற்கு நோக்கிச் சாய்ந்து இறங்கும் அப்பலகை, கடல்தளத்தைத் தாங்கிய பாறைக்கோளமே என்று அவர்கள் 1967இல் விளக்கினர். பாறைக்கோளம் என்பது புவியோட்டையும் அதன்கீழ் உள்ள கவசத்தின் கெட்டியான மேற்பகுதியையும் சேர்த்துக் குறிக்கும் பெயராகும். ஆழ் நடுக்கங்கள் குளிர்ந்த அந்தப் பலகையின் உள்ளேயே நிகழ்கின்றன என்பதால் பழைய புதிரும் விடுபட்டது.

அடுத்த ஆண்டு ஐசக்சு, ஆலிவர், லின் சைக்சு ஆகிய மூவரும் வெளியிட்ட நீண்ட கட்டுரை, உலகெங்கும் பதிவான நிலநடுக்கங்களின் அமைவிடம், ஆழம், நகர்வுத் திசை ஆகிய அனைத்தும் தட்டுகள் விலகுதல், உரசுதல், ஒன்றன்கீழ் ஒன்று அமிழ்தல் என்னும் இயக்கங்களோடு பொருந்துவதைக் காட்டியது. புவித்தட்டுக் கோட்பாட்டின் அடிப்படை ஆக்கங்களுள் ஒன்றாக அக்கட்டுரை இன்றும் மதிக்கப்படுகிறது.

கண்டங்களின் அடித்தளத்தை நோக்கி

ஆலிவர் 1971இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைத் தலைவரானார். கடல்தளங்களின் வரலாறு தெளிவாகிவிட்ட நிலையில், அவற்றைவிடப் பன்மடங்கு பழமையான கண்டங்களின் உள்ளமைப்பு அறியப்படாமலே இருப்பதை அவர் உணர்ந்தார். எண்ணெய் நிறுவனங்கள் படிவுப் பாறைகளில் சில கிலோமீட்டர் ஆழத்தோடு நின்றுவிட்டன. அவற்றின் அடியிலுள்ள படிகப் பாறையில் எண்ணெய் இராது என்பதால் அதனைப் படமெடுக்க அவற்றுக்குக் காரணம் இருக்கவில்லை. அந்நிறுவனங்களின் முறையையே ஆழத்துக்கு நீட்டிக்கும் நோக்கத்துடன், எண்ணெய்த் துறையில் நெடிய அனுபவம் பெற்ற சிட்னி காஃப்மன் முதலியோருடன் இணைந்து, கண்ட எதிரொலிப்பு ஆய்வுக் கூட்டமைப்பை ஆலிவர் உருவாக்கினார். கோகார்ப் என்று சுருக்கமாக வழங்கப்பெற்ற இத்திட்டம், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 1975இல் டெக்சசு மாநிலத்தின் ஹார்டிமன் வட்டாரத்தில் முதல் அளவீட்டைத் தொடங்கியது.

இம்முறையில் வெடிமருந்துக்கு மாற்றாக அதிர்வூட்டும் கனரக லாரிகள் பயன்படுத்தப்பட்டன. சாலையோரம் வரிசையாக நிற்கும் லாரிகள் தம் அடிவயிற்றிலுள்ள எஃகுத் தட்டை நிலத்தில் இறக்கி, வண்டியின் எடை முழுவதும் அதன்மேல் அழுந்துமாறு செய்து, ஒரே நேரத்தில் நிலத்தை அதிரச் செய்யும். அதிர்வெண் சில நொடிகளில் படிப்படியாக மாற்றப்படும். பாறையின் அடர்த்தியோ அலைவேகமோ மாறும் எல்லையை அடையும்போது அலையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்ப, பல கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தில் குத்திவைக்கப்பட்ட ஜியோபோன்கள் என்னும் அதிர்வு உணரிகள் அதனைப் பதிவு செய்யும். அனுப்பிய அதிர்வோடு பதிவானதைக் கணினி ஒப்பிட்டு, ஒவ்வோர் எதிரொலியும் திரும்பிவர எடுத்த நேரத்தைக் கணிக்கும். அலை நொடிக்குச் சராசரியாக 6 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், 10 நொடி கழித்துத் திரும்பும் எதிரொலி 30 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்ததாகும். எண்ணெய் தேடுவோர் வழக்கமாகச் சில நொடிகளோடு நிறுத்திவிடும் பதிவை, கோகார்ப் குழுவினர் 15 நொடிக்கு மேலும் தொடர்ந்தமையே புவியோட்டின் அடிவரை காணும் வாய்ப்பை அளித்தது.

முக்கிய முடிவுகள்

வயோமிங் மாநிலத்தின் விண்ட் ரிவர் மலைத்தொடர் நேர்மேலாகத் தள்ளப்பட்டு உயர்ந்ததா, பக்கவாட்டு அழுத்தத்தால் உயர்ந்ததா என்பது பற்றிப் புவியியலாளரிடையே நீண்ட விவாதம் நிலவியது. 1977இல் எடுக்கப்பட்ட படம், மலையின் ஓரத்திலுள்ள பிளவு 30 முதல் 35 பாகைச் சாய்வில் குறைந்தது 24 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குவதையும், அதன் வழியே புவியோடு 21 கிலோமீட்டருக்குக் குறையாமல் சுருங்கியிருப்பதையும் காட்டியது. பக்கவாட்டு அழுத்தமே மலையை எழுப்பியது என்பது இதனால் உறுதியாயிற்று.

தென் அப்பலாச்சிய மலைப்பகுதியில் கிடைத்த முடிவு இதனினும் வியப்பூட்டுவதாக அமைந்தது. மலையின் வேர்ப்பகுதி எனக் கருதப்பட்ட படிகப் பாறைகளுக்கு அடியில், கிடையாகப் படிந்த பழைய கடற்படிவுகள் என விளக்கத்தக்க எதிரொலிகள் கிடைத்தன. 6 முதல் 15 கிலோமீட்டர் தடிமனுள்ள படிகப் பாறைப்போர்வை, குறைந்தது 260 கிலோமீட்டர் தொலைவு மேற்கு நோக்கி நகர்ந்து அப்படிவுகளை மூடியிருக்க வேண்டும் என 1979இல் வெளியான ஆய்வு விளக்கியது. நியூ மெக்சிகோவின் சொகோரோவுக்கு அடியில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லிய தகடாகப் பரவியிருப்பதற்கும் எதிரொலிகள் சான்றளித்தன.

கோகார்ப்பின் வெற்றியைக் கண்டு பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, கனடா ஆகிய நாடுகளும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் இணைந்து 1992இல் திபெத்தில் தொடங்கிய ஆய்வில் கார்னெல் குழுவினரும் பங்கேற்றனர். இமயத்தின் முதன்மை உந்துபிளவு தென் திபெத்தின் அடியிலும் தொடர்ந்து இறங்குவதையும், அங்குப் புவியோட்டின் அடித்தளம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதையும் அப்படங்கள் காட்டின. இந்தியத் தட்டு திபெத்தின் அடியில் நுழைகிறது என்னும் கருத்துக்கு இது நேரடிச் சான்றாயிற்று.

பிற்காலமும் மதிப்பீடும்

மலைகள் உருவாகும்போது பாறைகளிலிருந்து பிழியப்படும் நீர்மங்கள் கண்டத்தின் உட்பகுதி நோக்கி நெடுந்தொலைவு பாய்ந்து, எண்ணெயும் கனிமங்களும் சில இடங்களில் திரளக் காரணமாகின்றன என்னும் கருத்தை ஆலிவர் 1986இல் முன்வைத்தார். கண்டுபிடிப்பு என்னும் கலையைப் பற்றி இளம் ஆய்வாளர்களுக்காக 1991இல் ஒரு நூலையும், புவித்தட்டுப் புரட்சியில் நில அதிர்வியலின் பங்கு குறித்து 1996இல் மற்றொரு நூலையும் எழுதினார். அமெரிக்கப் புவியியல் சங்கம் தன் உயரிய விருதான பென்ரோசு பதக்கத்தை 1998இல் அவருக்கு வழங்கியது. 2011 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் அவர் காலமானார்.

ஆலிவர் தாமே புதிய கருவி எதனையும் படைத்தவரல்லர். தீவுகளில் நிறுவிய பதிவுக் கருவியும் சாலையில் செலுத்திய அதிர்வு லாரியும் முன்பே இருந்தவை. அவற்றை எங்கே கொண்டுசெல்வது, எவ்வளவு நேரம் காத்திருந்து கேட்பது என்பதை அறிந்திருந்ததே அவருடைய தனிச்சிறப்பாகும். கண்டங்களின் குறுக்குவெட்டுப் படங்களில் முன்னர் ஊகத்தால் வரையப்பட்ட ஆழ்பகுதிகளில் இன்று அளந்தறிந்த கோடுகள் இடம்பெற்றிருப்பது அவ்வறிவின் பயனே.