கல்லுக்கு இட்ட பெயர் நண்டுக்கு நின்ற வரலாறு

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஜப்பானின் தென்தீவுகள் வரையிலும், ஆஸ்திரேலியாவின் வடகரையிலும், அலை ஏறி வடியும் சேற்றுப்பரப்புகளில் ஒரு நண்டு வளை தோண்டி வாழ்கிறது. நீண்ட காம்புகளின் நுனியில் அமைந்த கண்கள் அதன் பேரினத்துக்கே அடையாளம். மாக்ரோஃப்தால்மஸ் என்ற கிரேக்கத் தொடருக்கு நெடுங்கண் என்று பொருள் கொள்ளலாம். இச்சிற்றினத்தின் பெயர் மாக்ரோஃப்தால்மஸ் லாத்ரெய்லி. இப்பெயரின் பின்பகுதியை 1822இல் முதன்முதலில் எழுதியவர் இந்த நண்டை உயிரோடு பார்த்து எழுதவில்லை. அவர் கையில் இருந்தது கல்லாகிப்போன ஓர் ஓடு.

எழுதியவர் பாரிசைச் சேர்ந்த அன்செல்ம் கெய்த்தான் தெமரே. அலெக்சாந்தர் பிரோஞ்ஞியாரும் அவரும் இணைந்து, கல்லாகிய கணுக்காலிகளின் இயற்கை வரலாற்றை அவ்வாண்டில் ஒரே நூலாக வெளியிட்டனர். பிரோஞ்ஞியார் முக்கூறுடலிகளைப் பற்றி எழுதினார். தெமரே நண்டு, இறால் முதலிய ஓட்டுடலிகளைப் பற்றி எழுதினார். முதற்பகுதியின் உயிர்கள் யாவும் உலகைவிட்டு முற்றும் மறைந்தவை. இரண்டாம் பகுதியில் கோனோபிளாக்ஸ் லாத்ரெய்லி என்று பெயர் பெற்ற நண்டோ கீழைக்கடல்களின் சேற்றில் அப்போதும் நடமாடிக்கொண்டிருந்தது. மறைந்ததும் நிலைத்ததும் ஒரே அட்டைக்குள் வந்து சேர்ந்தன.

அக்கால ஐரோப்பிய அறிவுலகில் இது சிறிய செய்தியன்று. யானையை ஒத்த பழைய எலும்புகள் இன்றைய யானையின் எலும்புகள் அல்ல என்று கூவியே நிறுவிச் சில பதின்ம ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு தொல்லுயிரெச்சம் இன்று வாழும் இனத்தைச் சேர்ந்ததா இல்லையா என்னும் வினாவே, உயிரினங்கள் அற்றுப்போகுமா என்னும் பெருவினாவின் உரைகல்லாக இருந்தது. 1833இல் சார்ல்ஸ் லயெல் தம் நிலவியல் நூலின் மூன்றாம் தொகுதியில் அதே வினாவைக் காலக்கணக்காகவே மாற்றினார். ஓர் அடுக்கில் கிடைக்கும் சிப்பி, சங்கு ஓடுகளுள் எத்தனை விழுக்காடு இன்றும் வாழும் இனங்களுடையவை என்பதைக் கொண்டு அவர் இயோசீன், மயோசீன், பிளையோசீன் என்று காலங்களைப் பகுத்தார். இயோசீனுக்கு அவர் கொண்ட அளவு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. இக்கணக்குக்கு அடிப்படையாக நின்றவை பாரிசில் தெசே செய்த இன அடையாளங்கள். ஓடுகளை இனங்காண்பதில் நேரும் பிழை காலத்தையே பிழையாக்கிவிடும் என்ற நிலை அன்றே உருவாகிவிட்டது.

நண்டுகளில் இவ்வேலை சிப்பிகளைவிடக் கடினம். சிப்பியின் ஓடு ஏறக்குறைய முழுமையாகக் கல்லில் நிற்கிறது. வாழும் சிப்பியை இனங்காண்பதற்கும் அவ்வோடே பெரிதும் உதவுகிறது. நண்டின் உடலோ பல துண்டுகளால் ஆனது. இறந்தபின் மூட்டுகள் கழன்று கால்கள் சிதறுகின்றன. வளரும் நண்டு தன் ஓட்டைப் பலமுறை கழற்றுவதால், கல்லில் கிடைப்பது பிணமா, கழற்றிய சட்டையா என்பதே முதலில் தீர்க்கவேண்டிய ஐயம். ஃபப்ரீசியஸ் வகுத்த வகைப்பாடு வாயுறுப்புகளை அடிப்படையாகக் கொண்டது. கல் அடைத்த ஓட்டில் அவ்வுறுப்புகளைக் காண்பது அரிது. வாழும் நண்டுகளுக்கென எழுதிய இலக்கணம் கல்நண்டுகளுக்குப் பொருந்தாமற் போயிற்று.

தெமரேயின் நிலைத்த பங்களிப்பு இவ்விடத்தில்தான் பிறந்தது. எஞ்சியிருக்கும் முதுகோட்டையே அவர் உற்று நோக்கினார். அதன் மேடுபள்ளங்கள் தற்செயலானவை அல்ல என்றும், அடியில் இருக்கும் உறுப்புகளின் அமைப்பையே அவை மேலே காட்டுகின்றன என்றும் கண்டார். இரைப்பைக்கு மேலுள்ள பகுதி, இதயத்துக்கு மேலுள்ள பகுதி, கல்லீரற்பகுதி, செவுள்களைக் கவிந்த பகுதி என ஓட்டின் பரப்பைப் பகுத்துப் பெயரிட்டார். இன்று வாழும் நண்டை விவரிக்கும் எந்த ஆய்வுரையிலும் இப்பெயர்கள் வருகின்றன. கல்லைப் படிக்க இயற்றிய சொற்றொகுதி உயிருள்ளதைப் படிக்கும் பொதுமொழியாகிவிட்டது.

தெமரேயின் கையை இத்தகைய கற்கள் அடைவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவை வேறோர் அறிவுமரபில் இடம்பெற்றிருந்தன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சோங் அரசமரபின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட சீன மருந்துநூலான காய்பாவ் பென்சாவ், ஷி சியே என்னும் கல்நண்டைக் கண்நோய்களுக்கு மருந்தாகக் குறிக்கிறது. அதன் தோற்றத்துக்கு அந்நூல் தரும் விளக்கங்களுள் ஒன்று, அது வழக்கமான நண்டேதான், நெடுங்காலம் கழிந்து கல்லாயிற்று என்பது. கல்லையும் வாழும் நண்டையும் ஒன்றாகக் காணும் கூற்று அங்கே எழுத்தில் பதிவாகிவிட்டது. அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியசின் நூல் 1705இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானபோது அதிலும் கல்லாகிய நண்டுகள் இடம்பெற்றன. 1860களின் தொடக்கத்தில் லண்டன் மருந்தியலாளர் தானியேல் ஹான்பரி சீன மருந்துப்பொருள்களை ஆராய்ந்து எழுதிய குறிப்புகளில், மருந்துக்கடைக் கல்நண்டும் மாக்ரோஃப்தால்மஸ் லாத்ரெய்லியும் ஒரே வரியில் சந்தித்தன.

இருப்பினும் வழக்கமான நண்டுதான் என்பதும் இன்ன சிற்றினம் என்பதும் ஒரே கூற்றன்று. முன்னது கல்லுக்கு ஓர் உயிர் மூலம் உண்டென்கிறது. பின்னது, வாழும் எண்ணிறந்த நண்டுகளுள் குறிப்பிட்ட ஒன்றோடு அதை இணைத்து, மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைப் பிரிக்கிறது. இணைப்பதற்கு ஒற்றுமைகள் போதும். பிரிப்பதற்கு வேறுபாடுகள் தெரிந்திருக்கவேண்டும். வாழும் இனங்களின் வேறுபாடுகளை நாம் எவ்வளவு நுட்பமாக அறிவோமோ, அவ்வளவே நுட்பமாகக் கல்லையும் இனங்காண முடியும்.

லாத்ரெய்லியின் இணைப்பெயர்களை வரிசைப்படுத்தினால் இது தெளிவாகும். சமராங் கப்பற்பயணத்தில் திரட்டிய ஓட்டுடலிகளை விவரித்த ஆடம்சும் வைட்டும் வாழும் நண்டுக்கு செர்ராட்டஸ் என்று பெயரிட்டனர். ரம்பப்பல் உடையது என்பது பொருள். 1874இல் மடகாஸ்கர் நண்டுகளை ஆராய்ந்த ஹாஃப்மன் பொல்லெனி என்றார். 1894இல் ஓர்ட்மன் லானிகர், அதாவது கம்பளி சுமப்பது என்றார். 1904இல் தெ மான் கிரானுலோசஸ், மணிமணியானது என்றார். பின்னைய ஆய்வுகள் இவை அனைத்தையும் ஒரே நண்டின் பெயர்களாகக் கண்டன. இப்பெயர்களுள் மூன்று, ஒவ்வோர் ஆய்வாளரின் கண்ணில் எது முதலில் பட்டது என்பதன் பதிவுகள். விளிம்பின் பற்களும் பரப்பின் மணிகளும் கல்லில் நிற்கக்கூடியவை. கம்பளி போன்ற மயிர்ப்போர்வை நிற்பதில்லை. லானிகர் என்ற பெயரைக் கல்லிலிருந்து எவராலும் இட்டிருக்க இயலாது. ஆட்பெயரிலிருந்து பிறந்த லாத்ரெய்லி, பியேர் ஆந்த்ரே லாத்ரேயைச் சிறப்பிக்கும் பெயர். நண்டின் உருவைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. விளக்கம் தரும் பெயர்கள் வீழ, விளக்கம் தராத பெயர் நின்றது.

அது நின்றதற்குக் காரணம் காலமுந்துமையே. விலங்கியற் பெயரிடல் விதிகளில் முந்தி வெளியான பெயருக்கே முன்னுரிமை. அப்பெயர் வாழும் உடலுக்கு இடப்பட்டதா, கல்லுக்கு இடப்பட்டதா என்று அவ்விதிகள் வேறுபாடு காட்டுவதில்லை. தாவரவியலில் நிலை வேறு. அங்கே, டயாட்டம்கள் நீங்கலாக, வாழும் தாவரத்தை வகைமாதிரியாகக் கொண்ட பெயர், தொல்லுயிரெச்சத்தை வகைமாதிரியாகக் கொண்ட பெயரைவிடப் பிந்தியதாயினும் முன்னுரிமை பெறும். கல்லில் தெரிவது குறைவாதலால் அதன்மேல் கட்டிய பெயருக்கு வலு குறைவு என்ற கருத்து அவ்விதியில் அடங்கியுள்ளது. விலங்கியலாளர்கள் அவ்வேற்றத்தாழ்வை ஏற்கவில்லை.

அதனால் எழும் சிக்கல் ஏட்டளவினதன்று. பரந்த கடற்பரப்பில் ஒரே இனமாகக் கருதப்பட்டவை, மரபணு ஆய்வில் உருவொத்த பல இனங்களாகப் பிரிவதை அண்மைப் பதின்ம ஆண்டுகள் பலமுறை காட்டியுள்ளன. கல்லின்மேல் நிற்கும் ஒரு பெயருக்கு இது நேர்ந்தால், பிரிந்தவற்றுள் எது பழைய பெயரைத் தொடரும்? தெரிந்த கல்நண்டுகளில் மரபணு கிடைப்பதில்லை. வாழும் ஆண்நண்டுகளைப் பிரித்தறியப் பயன்படும் இனப்பெருக்கத் துணையுறுப்பும் கல்லில் அரிதாகவே எஞ்சுகிறது. வகைமாதிரியைக் கொண்டு இனத்தை முடிவுசெய்ய இயலாதபோது, அதை விலக்கிப் புதியதொன்றை அமர்த்துமாறு பன்னாட்டு விலங்கியற் பெயரிடல் ஆணையத்தை வேண்டுவதற்கு விதிகள் இடமளிக்கின்றன. உருவத்தைக் கொண்டு தீர்க்க இயலாததை உடன்பாட்டைக் கொண்டு தீர்க்கும் வழி அது.

எதிர்த்திசையில் வரும் சிக்கலுக்குச் சேற்று நண்டுகளான சில்லா பேரினம் சான்று. 1775இல் ஃபோர்ஸ்கோலின் நூல் செங்கடல் நண்டொன்றுக்கு கான்சர் செர்ராட்டஸ் என்று பெயரிட்டது. 1798இல் ஃபப்ரீசியஸ், டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய போர்ட்டூனஸ் டிராங்குபாரிகஸ் என்ற இனத்தை விவரித்தார். 1949இல் எஸ்டாம்படோர், பிலிப்பைன்ஸ் சேற்று நண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டென வாதிட்டார். 1960இல் ஸ்டீபன்சனும் கேம்பெல்லும் அதை ஏற்காது யாவும் ஒன்றே என்றனர். இவ்வாறு நெடுங்காலம், இந்தோ-பசிபிக் கரைகளின் சேற்று நண்டுகள் பெரும்பாலும் சில்லா செர்ராட்டா என்ற ஒரே பெயரில் அடங்கின. தைவான் முதலிய இடங்களில் கிடைத்த கல்நண்டுகளும் அப்பெயரில் பதிவாயின.

1998இல் கீனன், டேவி, மான் ஆகிய மூவரும் புரத, மரபணு ஒப்பீடுகளையும் உடல் அளவீடுகளையும் இணைத்து அப்பேரினத்தில் நான்கு இனங்களை நிறுவினர்: செர்ராட்டா, டிராங்குபாரிகா, பாராமாமோசாயின், ஒலிவாசியா. தரங்கம்பாடியின் பெயர் இவ்வாறு தனியினப் பெயராக உறுதிபெற்றது. நெற்றிப் பற்களின் உயரமும் கூர்மையும், கொடுக்குக் காலின் மணிக்கட்டுத் துண்டில் உள்ள முட்களும், கால்களின் நிறக்கோலமும் இவற்றைப் பிரித்தறியும் அடையாளங்கள். நிறம் கல்லில் நிற்பதில்லை. முட்களும் பற்களும் எளிதில் ஒடிபவை. 1998க்கு முன் கல்நண்டுகளுக்கு எழுதிய செர்ராட்டா என்ற சொல் அக்காலத்தில் பிழையன்று. ஆனால் அது இன்று சுட்டும் இனத்தை அன்று சுட்டவில்லை. மொழியியலில் பொருட்சுருக்கம் என்பர்: சொல் அப்படியே இருக்க, அது தழுவும் பொருள்களின் எல்லை குறுகுகிறது. எழுத்து மாறாததால் இம்மாற்றத்தைப் பழைய சீட்டு தானாக அறிவிப்பதில்லை.

இதன் விளைவு அருங்காட்சியகப் பெட்டிக்குள் அடங்கிவிடுவதன்று. ஒரு கல்நண்டை வாழும் இனத்தோடு இணைத்தவுடன், அவ்வினத்தின் வாழ்வியலறிவு முழுவதும் அந்த அடுக்கின்மேல் ஏற்றப்படுகிறது. சேற்றில் வாழும் நண்டு கிடைத்தால் அங்கே பண்டு அலைபடும் சேற்றுப்பரப்பு இருந்தது, கடல்மட்டம் அவ்விடத்தில் நின்றது என்று முடிவு செய்யப்படுகிறது. பேரின அளவிலேயே இம்முடிவு போதிய அளவு நிற்கும். உப்பளவு, வெப்பநிலை, இனத்தின் பரவல் எல்லை, இனத்தின் வயது என்று நுட்பமாகச் செல்லச்செல்ல, சிற்றின அடையாளத்தின் வலுவே முடிவின் வலுவாகிறது.

ஆகவே இவ்வடையாளம் ஒரே துறையின் கையில் நிறைவுறுவதில்லை. 1916இல் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில், அக்கண்டத்துக் கரைகளின் ஓட்டுடலி எச்சங்களைத் தொல்லுயிரியலாளர் எதெரிட்ஜும் விலங்கியலாளர் மக்கலக்கும் சேர்ந்து விவரித்தனர். அவற்றை முழுத் தொல்லுயிரெச்சங்கள் என்று சொல்லாமல், கல்லாதலின் பாதிவழியில் உள்ளவை என்னும் பொருளில் தலைப்பிட்டனர். மாக்ரோஃப்தால்மஸ் பேரினத்தைப் பிற்காலத்தில் மறுவரையறை செய்த பார்ன்சும் வாழும் இனங்களோடு நில்லாமல், கல்நண்டுகளின் உறவைக் குறித்து 1968இல் தனியே எழுதினார். இப்பணிகளில் கல்லும் உடலும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. சிறியது முதல் பெரியது வரை பல வாழும் நண்டுகளை அளந்து, ஓரினத்துக்குள்ளேயே ஓடு எவ்வளவு மாறும் என்று அறிந்த பின்னரே கல்நண்டு அவ்வெல்லைக்குள் விழுகிறதா என்று கேட்க முடியும். ஒரேயொரு கல்லை ஒரேயொரு உடலோடு ஒப்பிடுவது ஒற்றுமையைக் காட்டலாம், ஒருமையைக் காட்டாது.

எஞ்சியுள்ள ஐயத்தைக் குறிக்கவும் வகைப்பாட்டியலில் ஒரு சிறு கருவி உண்டு. பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் இடையே, ஒப்பிடுக என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லின் சுருக்கத்தை இடுவது வழக்கம். இன்ன இனத்தோடு ஒத்துள்ளது, அதுவேயென்று துணிய இயலாது என்பதே அதன் கருத்து. ஒரு கல்நண்டின் பெயரைப் பட்டியலிலோ தரவுத்தளத்திலோ படியெடுக்கும்போது அச்சுருக்கம் விடுபட்டால், கருதுகோள் ஒன்று உண்மையாக உருமாறிவிடும். பழைய சீட்டில் இருக்கும் இனப்பெயரை எடுத்தாளும் மாணவர், அப்பெயர் எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அவ்வாண்டில் அப்பெயருக்குள் எத்தனை வாழும் இனங்கள் அடங்கியிருந்தன என்ற இரண்டையும் முதலில் தேடவேண்டியிருக்கிறது.